படம் வரையும் கேள்விகளிலிருந்து விலக்கு அளிப்பது உதவியா? – ஓர் ஆசிரியையின் கடிதத்துக்குப் பதில்

அறிவியலும் கணிதமும் கற்பிக்கும் ஓர் ஆசிரியை, தம் பெயரையும் பள்ளியையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய எட்டாம் வகுப்பில், பிறவியிலேயே பார்வையற்ற ஒரு மாணவி படிக்கிறாள். ஐந்தாம் வகுப்பு வரை சிறப்புப் பள்ளியில் பயின்ற அவள் பிரெயிலைச் சரளமாக வாசிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் குறைபார்வையுள்ள மாணவர்கள் இருவர். ஒருவனுக்கு அல்பினிசம் எனப்படும் நிறமிக் குறைபாடு. புத்தகத்தை மூக்கில் ஒட்டும்படி பிடித்துப் படிக்கிறான், வெயில் வரும் சன்னலை நோக்கி அமர்ந்தால் கண்களைத் திறக்கவே சிரமப்படுகிறான். மற்றவனுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். நேராகப் பார்க்கும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, ஆனால் பக்கவாட்டில் இருப்பது தெரிவதில்லை, வெளிச்சம் குறைந்தால் தடுமாறுகிறான்.

இந்த இருவருக்கும் ஆசிரியை எல்லாத் தாள்களையும் ஏ3 அளவுக்குப் பெரிதாக்கி நகலெடுத்துக் கொடுத்திருக்கிறார். முதல்வனுக்கு அது போதவில்லை. இரண்டாமவன் மடித்துப் பையில் வைத்துவிடுகிறான். மாணவிக்கான பிரெயில் பாடநூல் பருவம் பாதி கழிந்த பிறகு வந்தது. அதில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அந்தக் குறையை ஈடுசெய்ய ஆசிரியை இரவுகளில் பாடங்களைத் தம் குரலில் பதிவு செய்து தருகிறார். தட்டச்சு செய்து அனுப்பும் குறிப்புகளை மாணவியின் செல்பேசி பொருளில்லாமல் வாசிக்கிறது. இந்தக் காலத்தில் ஒலிப்பதிவு இருக்கப் பிரெயில் எதற்கு என்கிறார் சக ஆசிரியர். படம் வரையும் கேள்விகளிலிருந்தும் வடிவியலிலிருந்தும் அவளுக்கு விலக்கு அளித்துவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர். அப்படிச் செய்வது சரியா, படங்களை எப்படி அவளிடம் சேர்ப்பது, பாடநூலை இப்படி மாற்றி நகலெடுப்பது சட்டப்படி குற்றமாகுமா என்பவை ஆசிரியையின் கேள்விகள்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நெகிழச் செய்தது, இரவு பதினொரு மணிக்கு மேல் அமர்ந்து நீங்கள் செய்யும் ஒலிப்பதிவு. ஆனால், பார்வையற்ற மாணவர்களுக்குக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்தப் பதிவுகளில் பெரும்பகுதியை நிறுத்திவிடுங்கள் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நேரமும் உழைப்பும் வேறிடத்தில் தேவைப்படுகின்றன. பாடநூலின் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே இன்னொரு வடிவத்துக்குக் கொண்டுபோக நீங்கள் முயல்கிறீர்கள். அதைவிட, ‘இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?’ என்று முதலில் கேட்டுக்கொண்டு, அந்த அறிவு எந்த வழியாக இந்த ஒரு மாணவரை எட்டும் என்று அடுத்துத் தேடுவதே தகவமைத்தல் என்பது. உங்கள் மூன்று மாணவர்களுக்கும் விடை மூன்று விதமாக இருக்கும்.

விலக்கு அளிப்பது பற்றி

தலைமையாசிரியர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்பதில் ஐயமில்லை. இருப்பினும் இந்த யோசனையை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. எட்டாம் வகுப்பில் கோணத்தையும் வரைபடத்தையும் தொடாமல் கடந்த மாணவிக்கு, மேல்வகுப்பில் இயற்பியலோ பொருளியலோ படிக்க விரும்பும்போது கதவு ஏற்கெனவே மூடப்பட்டிருக்கும். அதை மூடியது தன் பார்வைக் குறைபாடுதான் என்று அவள் நம்பிக்கொண்டிருப்பாள். படத்தை வரையச் சொல்லும் கேள்வி உண்மையில் எதைச் சோதிக்கிறது என்று பாருங்கள். இலையின் குறுக்குவெட்டில் எந்த அடுக்கு எதற்கு மேலே இருக்கிறது என்பது தெரிகிறதா என்றுதான் அது சோதிக்கிறது. பென்சில் பிடிக்கும் திறனை அன்று. அதே கேள்வியைப் புடைப்புப் படமாக, அதாவது கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும்படி எழுந்து நிற்கும் படமாகக் கொடுத்துப் பாகங்களைப் பெயரிடச் சொல்லலாம், அடுக்குகளை வரிசையாக விவரித்து எழுதச் சொல்லலாம், ரப்பர் விரிப்பின் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து முனை மழுங்கிய எழுதுகோலால் அழுத்தி அவளையே வரையச் சொல்லலாம்; கோடு எழுந்து நிற்கும், தன் படத்தைத் தானே தொட்டுச் சரிபார்த்துக்கொள்வாள். கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரின் உதவியும் இதனோடு சேர்பவை. அந்த எழுத்தர் பாடத்தின் கலைச்சொற்களை அறிந்தவராக இருப்பது நல்லது.

ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்றும் பிரெயில் கற்பதற்கு வழிசெய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. நியாயமான ஏற்பாடு என்பது அதே பாடத்தை அவள் எட்டும் வகையில் வைப்பது. பாடத்தையே எடுத்துவிடுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. தலைமையாசிரியரிடம் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள். விலக்குக் கோரி பெற்றோரிடமிருந்து கடிதம் எதுவும் வாங்கப்படுவதாக இருந்தால், அதன் பின்விளைவுகள் அவர்களுக்கும் மாணவிக்கும் முழுமையாக விளக்கப்பட்டனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒலி இருக்கப் பிரெயில் எதற்கு?

உங்கள் சக ஆசிரியரின் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுவது. கதை கேட்கவும், நீண்ட பத்தியை மீள்பார்வை செய்யவும் ஒலி அருமையான துணை. ஆனால் கேட்டு மட்டுமே வளரும் குழந்தை எழுத்தறிவைப் பெறுவதில்லை. நம் மொழியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘அரை’ என்பதும் ‘அறை’ என்பதும் பெரும்பாலோர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘பனி’, ‘பணி’ என்பனவும் அப்படியே. எங்கே எந்த ரகரம், எந்த னகரம் என்பதை அவள் விரல் தொட்டு அறிந்தாலொழிய வேறு வழியில்லை.

கணிதத்தில் சிக்கல் மேலும் பெரிது. ‘அ கூட்டல் ஆ வகுத்தல் இ’ என்று உங்கள் பதிவில் சொன்னால், கூட்டிய பின் வகுப்பதா, ஆ-வை மட்டும் வகுப்பதா என்று கேட்பவருக்குத் தெரியாது. கரும்பலகையைப் பார்ப்பவருக்குப் பின்னக்கோட்டின் நீளமே அதைச் சொல்லிவிடுகிறது. பிரெயில் இதற்கான தொடக்க, முடிவுக் குறிகளைக் கொண்டிருக்கிறது. பார்வையற்ற கணிதப் பேராசிரியரான ஏபிரகாம் நெமெத் கணிதத்துக்கென்றே ஒரு முழுமையான பிரெயில் முறையை உருவாக்கியது இந்தத் தேவையால்தான். அவள் எந்தக் கணிதக் குறியீட்டு முறையைக் கற்றிருக்கிறாள் என்பதை முந்தைய பள்ளியில் கேட்டறிந்து, அதையே தொடருங்கள்.

நீங்களும் பிரெயில் கற்றுக்கொள்ளலாம். ஆறு புள்ளிகள், 63 வடிவங்கள். விரலால் வாசிக்கத்தான் நீண்ட பயிற்சி வேண்டும், கண்ணால் வாசிப்பது சில வாரங்களில் கைவரும். தமிழ்ப் பிரெயிலில் ‘கொ’ என்று எழுதும்போது, அச்சில் போலக் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்பதில்லை. மெய்யின் குறியும் உயிரின் குறியும் ஒலிக்கும் வரிசையிலேயே அடுத்தடுத்து வருகின்றன. அவள் எழுதியதை இன்னொருவர் படித்துச் சொல்லக் காத்திராமல் நீங்களே திருத்தித் தரும் நாள், உங்கள் இருவருக்குமே பெரிய விடுதலையாக இருக்கும்.

அனுப்பிய குறிப்புகளைச் செல்பேசி பொருளில்லாமல் வாசிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்துருதான். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில், தமிழ் எழுத்தின் தோற்றம் மட்டுமே திரையில் தெரியும்; உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான், உள்ளே இருப்பதைத்தான் உச்சரிக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், அல்லது எழுத்துரு மாற்றியில் இட்டு மாற்றிய பின் அனுப்புங்கள். வருடியெடுத்த (ஸ்கேன் செய்த) பக்கங்களும் வெறும் படங்களே. படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காணும் மென்பொருளான எழுத்துணரி கொண்டு உரையாக்கி, பிழைதிருத்திய பிறகே அவை அவளுக்குப் பயன்படும். கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும். நீங்களே நிறுவி, திரையை அணைத்துவிட்டு உங்கள் குறிப்பை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

படங்களை விரலுக்குக் கொண்டுபோவது

பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். இதயத்தின் படத்தைத் தையல் நூலை ஒட்டிப் புடைப்பாகச் செய்தேன். பாகங்களின் பெயர்களைச் சுட்டும் கோடுகளையும் அதே நூலாலேயே ஒட்டினேன். பார்வைக்கு மிக அழகாக இருந்தது. மாணவர் நெடுநேரம் தடவிவிட்டு, ‘இதயத்திலிருந்து இத்தனை குழாய்களா வெளியே போகின்றன?’ என்று கேட்டார். சுட்டுக்கோடுகள் எல்லாம் அவருக்கு இரத்தக்குழாய்களாகிவிட்டன. கண் ஒரே நொடியில் முழுப்படத்தையும் பிடித்துக்கொண்டு பிறகு விவரத்துக்குப் போகிறது. விரல் ஒவ்வொரு துண்டாகச் சேகரித்து முழுமையை மனத்தில் கட்ட வேண்டும். அச்சுப்படத்தின் கோடுகளுக்கு மேல் பசையைத் தடவிவிட்டால் புடைப்புப்படம் ஆகிவிடும் என்ற எண்ணத்தை அன்றோடு விட்டேன்.

அடுத்த அலகை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள படங்களை மூன்றாகப் பிரியுங்கள். அழகுக்காக வைத்தவற்றைக் கைவிடலாம். இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லிவிடக்கூடியவற்றுக்கு விவரணை எழுதுங்கள். ‘ஒரு பெண் சோதனை செய்கிறாள்’ என்று எழுதாமல், எந்தக் கருவி எதனோடு இணைந்திருக்கிறது, எதை மாற்றினால் எது மாறுகிறது என்று பாடத்துக்குத் தேவையானதை எழுதுங்கள். இடஅமைப்பே பாடமாக இருப்பவை, அதாவது வடிவியல் உருவங்கள், வரைபடங்கள், நிலப்படங்கள், குறுக்குவெட்டுத் தோற்றங்கள் மட்டும் தொட்டறியும் படங்களாக வேண்டும். இப்படிப் பிரித்துவிட்டால், நீங்கள் அஞ்சும் அளவுக்கு வேலை இராது.

தொட்டறியும் படத்துக்கும் முன்னால் உண்மையான பொருளைக் கையில் கொடுங்கள். பூவின் பாகங்களைக் கற்பிக்க, பெரிய பூ ஒன்றை அவளே பிரித்துப் பார்க்கட்டும். சூலகத்தைத் தொட்ட விரலுக்குத்தான் அதன் படம் பொருள் தரும். பீக்கரின் வாய் அச்சுப்படத்தில் நீள்வட்டமாக இருக்கிறது, ஆனால் அவள் தொட்டறிந்த பீக்கரின் வாய் வட்டம். ஆழத்தைக் காட்டும் இந்தக் கண்ணின் வழக்கம் விரலுக்குக் கிடையாது. எனவே மேலிருந்து பார்க்கும் தோற்றம், நேர்க்குறுக்குவெட்டு ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

செய்முறையில் எனக்குப் பயன்பட்ட விதிகள் சிலவே. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதைவிட நெருங்கினால் விரலுக்கு ஒன்றாகிவிடும். ஒரே தாளில் நான்கைந்துக்கு மேல் வெவ்வேறு தொடுபரப்புகளைச் சேர்க்காதீர்கள். நூல், உப்புத்தாள், துணி, அட்டை ஆகியவையே பெரும்பாலான பாடங்களுக்குப் போதும். தையல்காரர்கள் தடம் போட உருட்டும் பற்சக்கரத்தால் தாளின் பின்புறம் உருட்டினால் முன்புறம் புள்ளிக்கோடு எழும். இடவலம் மாறும் என்பதால் படத்தைத் திருப்பிப் போட்டு வரைய வேண்டும். வரைபடத்துக்கு, தக்கைப் பலகையில் கட்டங்களைப் புடைப்பாக அமைத்து, குண்டூசிகளைப் புள்ளிகளாகவும் ரப்பர் வளையங்களைக் கோடுகளாகவும் கொண்டால், அவளே குறித்து அவளே வாசிப்பாள். சிக்கலான படத்தை இரண்டு மூன்று தாள்களாகப் பிரியுங்கள்: முதல் தாளில் வெளிக்கோடு மட்டும், அடுத்ததில் உள்ளுறுப்புகள். வெப்பத்தில் கோடுகள் உப்பும் சிறப்புத் தாளும் அதற்கான கருவியும் உண்டு. பல பள்ளிகள் சேர்ந்து ஒன்றைப் பயன்படுத்த முடிந்தால் நல்லது, இல்லையென்பதற்காகத் தொடங்காமல் இருக்க வேண்டாம்.

செய்து முடித்த படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நீங்களே தடவிப் பார்த்துத் தேர்ச்சி கொடுத்துவிடாதீர்கள். அந்தப் படம் ஏற்கெனவே உங்கள் நினைவில் இருக்கிறது. அவள்தான் சோதிக்க வேண்டும்.

ஒரே ஏ3 தாள், இரண்டு வேறு கண்கள்

குறைபார்வை என்ற ஒரு சொல்லுக்குள் மிகவும் மாறுபட்ட பார்வைகள் அடங்கியிருக்கின்றன. ஏ4 பக்கத்தை ஏ3 ஆக்கினால் எழுத்து ஏறத்தாழ 1.41 மடங்குதான் பெரிதாகிறது. அச்செழுத்தின் அளவைக் குறிக்கும் ‘புள்ளி’ என்ற அலகில் சொன்னால், 12 புள்ளி எழுத்து 17 புள்ளி ஆகிறது. பெரிய எழுத்து என்று பொதுவாகச் சொல்வதே 18 புள்ளியில்தான் தொடங்குகிறது. அல்பினிசம் உள்ள மாணவனுக்கு அது போதாததில் வியப்பில்லை. அவனுக்கான பக்கத்தைத் தட்டச்சிலேயே பெரிய, தடித்த எழுத்தில், வரிகளுக்கிடையே நல்ல இடைவெளியுடன், பளபளப்பில்லாத தாளில் சாதாரண அளவிலேயே அச்சிடுங்கள். சன்னல் அவன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். சாய்வான புத்தகத்தாங்கி ஒன்று இருந்தால் முதுகு வளையாமல் படிப்பான்.

புத்தகத்தை அவ்வளவு நெருங்கிப் பிடித்தால் இருக்கிற பார்வையும் கெட்டுவிடும் என்று அஞ்சி அவனைக் கண்டித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. 40 சென்டிமீட்டரில் பிடித்ததை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவரும்போது விழித்திரையில் பிம்பம் நான்கு மடங்கு பெரிதாகிறது. அவன் தனக்குத் தானே உருப்பெருக்கிக் கொடுத்துக்கொள்கிறான். அதைத் தடுக்காதீர்கள். முடிந்தால், அன்று தெரியாமல் கண்டித்துவிட்டதாக அவனிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது மாணவனின் நிலை இதற்கு நேர்மாறானது. அவன் உலகைக் குழாய் வழியே பார்ப்பது போலப் பார்க்கிறான். எழுத்தைப் பெரிதாக்கினால் அந்தக் குழாய்க்குள் அடங்கும் எழுத்துகளின் எண்ணிக்கை குறைகிறது. வரியின் தொடக்கத்தைத் தேடுவதே அவனுக்குப் பாடாகிவிடும். மையத்தைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 10 பாகைக்கு மேற்படாத பார்வைப்புலம் மட்டுமே எஞ்சியவர், நேர்ப்பார்வை கூர்மையாக இருந்தாலும், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் பார்வையற்றோர் பிரிவில் சேர்க்கப்படுகிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அத்தகைய ஒருவர் பலகையிலிருந்து 1 மீட்டர் தொலைவில் அமர்ந்தால் சுமார் 35 சென்டிமீட்டர் அகலத்தைத்தான் ஒரே பார்வையில் காண்பார். 3 மீட்டர் தள்ளி அமர்ந்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் காண்பார். ஆகவே முதல் பெஞ்சு எல்லோருக்கும் நல்லதன்று. அவனுக்கு வழக்கமான அளவு எழுத்து, கருமையான அச்சு, சீரான வெளிச்சம், நடுவே ஒரு வரிக்கான பிளவு வெட்டிய கறுப்பு அட்டை ஆகியவை ஏ3 தாளைவிட உதவும். அவன் தாளை ஒளித்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும்: வகுப்பில் தன் மேசையில் மட்டும் அந்தப் பெரிய தாள் விரிவது பதினான்கு வயதுப் பையனுக்கு எளிதானதில்லை. தனியாக அழைத்துக் கேளுங்கள்.

இந்த நோய் நாளடைவில் கூடக்கூடியது என்பதால், அன்றாடச் செயல்களில் பார்வை எப்படிப் பயன்படுகிறது என்ற மதிப்பீட்டைக் குறைபார்வைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற கண் மருத்துவரிடம் அவ்வப்போது பெற வேண்டும். திரைவாசிப்பானையும் பிரெயிலையும் முன்கூட்டியே அறிமுகப்படுத்துவதா என்பதை மருத்துவரும் பெற்றோரும் அவனும் சேர்ந்து முடிவு செய்யட்டும். பார்வை மேலும் குறையலாம் என்ற பேச்சை வகுப்பறையில் நீங்கள் தொடங்க வேண்டாம்.

நகலெடுப்பதும் சட்டமும்

2013-இல் மராகேஷ் நகரில் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம், அச்சை வாசிக்க இயலாதவர்களுக்காக, இலாப நோக்கமின்றி நூல்களை அணுகத்தக்க வடிவில் படியெடுப்பதற்குப் பதிப்புரிமையில் விலக்கு வகுக்கும்படி உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. அந்த நூல்களில் வரும் படங்களும் இந்த விலக்கில் அடங்கும். உங்கள் நாட்டுச் சட்டம் இதை எந்த நிபந்தனைகளோடு ஏற்றிருக்கிறது என்று பள்ளி நிர்வாகம் வழியே உறுதி செய்துகொள்ளுங்கள். பதிப்பாளரிடம் யூனிகோடு உரைக்கோப்பையே கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். கிடைத்தால் வருடுவதும் பிழைதிருத்துவதும் மிச்சம். மாற்றிய படிகளை அந்த மாணவர்களுக்கு மட்டுமே கொடுங்கள்.

கடைசியாக, நேரத்தைப் பற்றி. அச்சில் ஒரு பக்கம் பிரெயிலில் இரண்டு மூன்று பக்கங்களாகும், விரலால் வாசிக்கவும் கூடுதல் நேரமாகும். பாடம் முடிந்த பிறகு வந்து சேரும் மிகச் சிறந்த படத்தைவிட, முதல் நாளே கிடைத்த, நூல் ஒட்டிய எளிய படம் அவளுக்குப் பயன்படும். ஆகவே இந்த இரவு ஒலிப்பதிவுக் கருவியை எடுக்காமல், அடுத்த அலகிலிருந்து ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, சுட்டுக்கோடுகளை நீக்கிவிட்டு ஒட்டி முடியுங்கள். பாடம் நடப்பதற்கு முந்தைய நாள் அவள் கையில் கொடுத்து, ‘இதில் உனக்கு எது புரியவில்லை?’ என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலின்படி இரண்டாவது படத்தைச் செய்யுங்கள்.